கை நீட்ட வேண்டியது பொம்பளைகள் மட்டுமா?



"ஒரு சேர் எழுதுற விசயமா இது?" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். முழுசா வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. அதை வாங்கித் தந்தது யார்? கர்ப்பிணி கிளினிக்கில் இரத்தம் கொடுக்கக் கை நீட்டிய தாய்மார். அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று வரிசையில் நின்ற நம்ம தோட்டத்துப் பெண்களும் அதில் அடக்கம்.

ஆம்பிளைகள் நாம் என்ன செய்தோம்?

ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் "உடம்புச் சூடு". சீழ் வந்தால் டவுன் பாமசியில் பெயர் தெரியாத இரண்டு கெப்சூல். புண் வந்து ஆறினால் "சுகமாயிட்டு". சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறும். ஆறுவது புண் மட்டும்தான். கிருமி உள்ளேயே இருந்து, வருசங்கள் கழித்து மூளையையும் இருதயத்தையும் தாக்கலாம். மனைவிக்குத் தொற்றினால் வயிற்றிலேயே பிள்ளை இறக்கவும் கூடும்.

கொனோரியா வந்த பெண்கள் பலருக்கு அறிகுறியே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் பாதிக்கப்பட்டு, பிள்ளை தங்காமல் போகலாம். அப்போதும் லயத்தில் "மலடி" என்று பேச்சு வாங்குவது அவள்தான்.

இன்னொரு அநியாயம். கிளினிக்கில் அவளுக்கு நோய் இருப்பது தெரிந்தால், "யாரிடம் வாங்கினாய்?" என்று அவளைத்தான் கேட்கிறோம். அவளைச் சோதித்தார்கள், அதனால் அவளுக்கு முதலில் தெரிந்தது. அதற்காக நோயே அவளிடமிருந்துதான் வந்தது என்று ஆகிவிடுமா? அவளுக்கு மட்டும் ஊசி போட்டு, புருசன் போடாமல் இருந்தால் திரும்பவும் தொற்றும். சிபிலிஸ் ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று இல்லை.

கொழும்பில் கடை வேலைக்குப் போன பொடியன்மார் தலையில் பழியைப் போட்டுத் தப்பவும் வேண்டாம். ஊரை விட்டே போகாதவருக்கும் வரும். "பாவம், ஹராம்" என்று சொல்வதோடு நம் கடமை முடிந்ததா? பாவத்துக்கு அவரவர் இறைவனிடம் பதில் சொல்லட்டும். நோய்க்கு மருந்து எடுக்கத்தான் வேண்டும்.

மருந்தும் இருக்கிறது. ஆரம்ப சிபிலிஸைப் பென்சிலின் ஊசி குணமாக்கும். எச்.ஐ.வி.க்கு நாளாந்தம் மருந்து எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் எல்லாம் இலவசம். டொக்டர் துண்டு தேவையில்லை. இரகசியம் காப்பார்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் இந்தக் கிளினிக் இருக்கிறது.

தோட்டத் தலைவர்மாருக்கும், கோவில் கமிட்டிக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு கோரிக்கை. சீனிக்கும் பிரசருக்கும் முகாம் வைக்கிறீர்கள். அதே முகாமில் ஆண்களுக்கு இந்த இரத்தப் பரிசோதனையையும் சேருங்கள். முதல் ஆளாக நீங்களே கை நீட்டுங்கள். கர்ப்பிணி மனைவியை கிளினிக்குக் கூட்டிப் போகும் கணவன்மாரே, வெளியில் நிற்காமல் நீங்களும் உள்ளே போய் ஒருமுறை கேளுங்கள்.

வெட்கம் நோயில் இல்லை. தெரிந்தும் மறைத்து, வீட்டுக்காரிக்குக் கொடுப்பதில்தான் இருக்கிறது.

திட்டுபவர்கள் கொமெண்டில் திட்டுங்கள். ஆனால் ஷெயார் பண்ணிவிட்டுத் திட்டுங்கள்.