மலைக் குளிரும் மழலையர் உறக்கமும்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால், போடிநாயக்கனூருக்கு மேற்கே ஓங்கி நிற்கும் ஏலமலைச் சரிவுகளில் குளிர் குடியேறிவிடும். மார்கழியும் தையும் அதன் உச்ச காலம். ஊரிலே ஒரு துப்பட்டியோடு உறங்குகிறவர் போடிமெட்டுக்கு ஏறிவிட்டால் இரண்டு கம்பளி கேட்பார். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது இயற்கையின் கணக்கு. மெட்டோ நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அதற்கும் அப்பால் மூணாற்றில், தை மாதத்தில் சில ஆண்டுகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுத் தேயிலைச் செடிகளின்மேல் உறைபனி படிவதை யாவரும் அறிவர்.

ஏலக்காய் பறிப்பும் இக்காலத்தோடு இணைந்தே நடைபெறுகிறது. ஊரிலிருந்து ஜீப்புகளில் காலையிலே ஏறி மாலையிலே இறங்குவோர் பலர். லயத்து வீடுகளிலும் தோட்டக் குடிசைகளிலும் குடும்பத்தோடு தங்குவோரும் உளர். பகலிலே உழைத்துக் களைத்த தாய் அயர்ந்து உறங்கும் வேளையில், ஒன்றரை வயதும் இரண்டு வயதுமான குழந்தை நள்ளிரவில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, விடியும்வரை விறைத்துக் கிடக்கிறது. இதைப்பற்றி நெசவாளரும் விளைவிப்போருமாகிய அங்கத்தினர்கள் சிறிது சிந்தித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதென்ன, தாய்மார் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமல்லவா என்று கேட்பவர்கள் இருக்கலாம். நூலும் பஞ்சும் நம்மிடம் இருக்கும்போது இது நம் காரியமும் ஆகும் என்பது என் கருத்து.

தொழிலாளியின் குளிரைச் சட்டம் ஒருகாலத்தில் நினைத்துப் பார்த்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மழையினின்றும் குளிரினின்றும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியன வழங்குமாறு விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. அச்சட்டம் பின்னர் 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. கம்பளி தொழிலாளிக்கு என்றுதான் எழுதப்பட்டிருந்தது. அவர் மடியிலிருக்கும் மதலைக்கு என்று அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. மேலும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள் பொதுவாக அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியிலேயே நின்றன. நம் மலையில் அத்தகைய சிறு தோட்டங்கள் எத்தனை என்பதை நான் சொல்லித்தான் அங்கத்தினர்கள் அறியவேண்டும் என்பதில்லை.

குழந்தை என்பது சிறிய அளவிலான பெரியவர் அன்று. அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதி. ஆதலின் வெப்பத்தை விரைவில் இழந்துவிடுகிறது. தனக்குக் குளிர்கிறது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. நழுவிய போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவும் தெரியாது. கை, கால் சில்லிட்டிருப்பதைக் கண்டு பதறுவதும் தவறு, அவை வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டு அமைதி கொள்வதும் தவறு. பிடரியிலும் மார்பிலும் கை வைத்துப் பார்த்தலே சரியான சோதனை. அங்கே வேர்வை தட்டினால் ஒரு சுற்றுத் துணியைக் கழற்ற வேண்டும். குளிர்ந்திருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். நாம் எத்தனை துணி உடுத்தால் நமக்கு இதமாக இருக்குமோ அதற்கு மேல் ஒன்று என்பது குழந்தைக்குப் போதுமான அளவு. அன்பு மிகுதியால் ஐந்தாறு துணிகளைச் சுற்றிக் குழந்தையை மூச்சுமுட்ட வைப்பதும் ஆபத்தே.

இனி, குளிருக்கு நம் வீடுகளில் செய்யப்படும் பரிகாரங்களைப் பார்ப்போம். அவற்றுள் முதலாவது கணப்புச் சட்டி. அடுப்பிலே மிஞ்சிய தணலை ஒரு சட்டியில் அள்ளி, அறையின் நடுவே வைத்து, காற்றுப் புகாதபடி கதவையும் பலகணியையும் சாத்திக்கொண்டு உறங்குவது மலையில் புதிதன்று. கரி கனியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சுக் காற்று உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிவிட்டதே, இனிப் பயமில்லை என்று எண்ணும் வேளையில்தான் அது அறையை நிரப்புகிறது. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தில் இது ஏறிக்கொள்ள, உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடுகிறார். 2024 ஆகஸ்டு மாதத்தில் நமக்கு அண்டையிலுள்ள கொடைக்கானலில், இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இளைஞர் இருவர் மாண்டனர். அதே ஆண்டு சனவரியில் டெல்லியில் கணப்பு மூட்டி உறங்கிய ஒரு குடும்பத்தில் பெற்றோரும் இரு குழந்தைகளும் ஒரே இரவில் மறைந்தனர். வளர்ந்தவர்களுக்கே இக்கதியென்றால், அவர்களைவிட வேகமாக மூச்சு வாங்கும் குழந்தையின் கதி என்னாகும்?

இதில் வியப்பு என்னவென்றால், இந்த உண்மையின் ஒரு பாதியை நம் ஏல விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு எரிகிறது. ஆனால் புகை காய்மேல் படுவதில்லை. இரும்புக் குழாய்களின் வழியே அது அறையைச் சுற்றி வெளியே போய்விடுகிறது; குழாயின் சூடு மட்டும் அறையில் தங்கி 45 முதல் 55 டிகிரிவரை வெப்பம் தருகிறது. ஈரக்காற்று வெளியேறவும் வழி விட்டிருக்கிறார்கள். புகை பட்டால் காயின் பச்சை நிறம் கெடும், ஏலத்தில் விலை இறங்கும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு. காய்க்கு இவ்வளவு கவனம் செலுத்துகிற நாம், காயைப் பறித்தவளின் குழந்தை உறங்கும் அறையிலே திறந்த தணலை வைக்க விட்டுவிடுகிறோம். அறையைச் சூடேற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்டோரிலுள்ள அதே முறையில், புகைபோக்கியோடு கூடிய அடுப்பே வேண்டும். அஃதில்லாத வீட்டில், உறங்கப் போகுமுன் நெருப்பை வெளியே எடுத்துவிடுதல் ஒன்றே வழி. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி நெறிமுறைகள், குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரியாவது இருத்தல் நலம் என்கின்றன. தகரக் கூரை வேய்ந்த லயத்தில் அதை எட்டுதல் எளிதன்று. ஆகவே, அறையைச் சூடாக்குவதைவிடக் குழந்தையைச் சூடாக வைப்பதே நமக்கு இயன்ற காரியம்.

வேறு சில வழக்கங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மார்பிலே தேய்ப்பது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது; தோல் வழியாக உடம்பில் ஏறி வலிப்பு உண்டாக்க வல்லது. குளிருக்கு இரண்டு சொட்டு பிராந்தி புகட்டுவது அதனினும் கேடு. மது தோலுக்கு இரத்தத்தை இழுத்து வந்து உடம்பின் வெப்பத்தை வெளியே விரட்டுகிறதே தவிர, சூடு தருவதில்லை. குடித்துவிட்டு வந்தவர் அருகில் கைக்குழந்தையைக் கிடத்துதலும் கூடாது. இவற்றைத் தாட்சணியத்தால் யாரும் சொல்வதில்லை. சங்கத்தின் பத்திரிகையாவது சொல்லட்டும்.

தூளியில் ஒரு குறை உண்டு. ஒற்றைச் சேலையாலான தூளியின் அடிப்புறம் முழுவதும் காற்றுக்கு இலக்காகிறது. மேலே எத்தனை போர்த்தினும் கீழே வெப்பம் ஒழுகிக்கொண்டே இருக்கும். மலைக்குளிரில் சேலையை இரட்டையாக மடித்துக் கட்டுதல் வேண்டும். தவழவும் நடக்கவும் தொடங்கிய குழந்தைக்கோ இரவில் தரைப் படுக்கையே பாதுகாப்பானது. சிமெண்டுத் தரையில் பாய் மட்டும் போதாது. கீழே உலர்ந்த சாக்கு, அதன்மேல் கோரைப் பாய், அதன்மேல் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தை என்று மூன்றடுக்கு வேண்டும். ஈரத் துணியை உடனே மாற்றுதல் எல்லாவற்றிலும் முக்கியம். தண்ணீர் காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சிறுநீரில் நனைந்த துணியோடு கிடக்கும் குழந்தைக்குக் காஷ்மீரத்துச் சால்வையும் பயன் தராது.

குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மலைகளில் வாழும் முதுவர் மகளிர் குழந்தையை முதுகிலே துணியாற் கட்டிச் சுமப்பர். தாயின் உடற்சூடே குழந்தைக்குக் கணப்பாகிவிடுகிறது. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில் 1978-இல் மருத்துவர்கள், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்பட அணைத்துக் கட்டிவைத்துக் காப்பாற்றும் முறையைத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் அது கங்காரு முறை என்று வழங்குகிறது. மலைமக்களின் அறிவும் மருத்துவரின் அறிவும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி நம் தறிக்கும் நம் காட்டுக்கும் உள்ள வேலைக்கு வருகிறேன்.

குளிரைத் தடுப்பது நூல் அன்று, நூலுக்கிடையே அசையாது சிறைப்பட்ட காற்றே. கனத்த துணி ஒன்றைவிட மெல்லிய துணிகள் இரண்டு மிகுந்த சூடு தருவது இதனால்தான். இங்கிலாந்தில் 1888-இல் தோன்றிய ஏர்டெக்ஸ் நிறுவனம், சிறுசிறு கண்களோடு கூடிய பருத்தித் துணியை நெய்து, இந்தக் காற்றையே வியாபாரமாக்கிற்று. மருத்துவமனைகளில் சிசுக்களுக்குப் போர்த்தும் கண்ணறைப் பருத்திப் போர்வையும் இதே தத்துவத்தில் ஆனதுதான். முகத்தில் விழுந்தாலும் கண்கள் வழியே காற்றுப் போக இடமிருப்பது அதற்கு மேலும் ஒரு சிறப்பு. டாபி பொருத்திய தறியில் தேன்கூட்டு நெசவில் துவாலை நெய்பவருக்கு இது அந்நியமான வேலையன்று. பிளானல்போல் முடி கிளப்பிய பருத்தித் துணி மிருதுவாகவே இருக்கும். ஆனால் எளிதில் தீப்பற்றும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அத்தகைய இரவுச் சட்டைகள் பற்றிக்கொண்டு பல குழந்தைகள் மாண்டதனாலேயே, வேதியியலார் பெர்க்கின் வெள்ளீய உப்பால் துணியைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடிக்க நேர்ந்தது. (செயற்கைச் சாயம் கண்ட பெர்க்கினின் மகன் இவர், நெசவாளர் நினைவில் நிற்கவேண்டிய குடும்பம்.) மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் உள்ள வீட்டுக்குத் தேன்கூட்டு நெசவே ஏற்றது.

மற்றொன்று இலவம் பஞ்சு. போடியின் இலவம் பஞ்சு மெத்தையும் தலையணையுமாக நெடுந்தூரம் போகிறது. அதன் இழை உள்ளே வெறுமையான குழல். அக்குழல் முழுதும் காற்று. நீரை எளிதில் ஏற்காது; அதனால்தான் முற்காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைக்குள் இதை அடைத்தார்கள். வழுவழுப்பும் நொறுங்கும் தன்மையும் உள்ளதால் நூற்க இயலாது, அடைப்பதற்கே உரியது. வெப்பங்காக்க இத்தகைய பஞ்சு வேறு எங்கே தேடவேண்டும்? இரண்டு மெல்லிய கைத்தறித் துணிகளுக்கிடையே இலவம் பஞ்சை மிக மெல்லியதாகப் பரப்பி, நான்கு விரற்கடைக்கு ஒரு தையலாகக் கட்டம் போட்டுத் தைத்தால், துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலையில் திரளாது. தூசியும் விதையும் நீங்கச் சுத்தம் செய்த பஞ்சாக இருத்தல் வேண்டும். இதற்கும் நெருப்பு பகை என்பதை மறக்கலாகாது. மேல்துணியை நெருக்கமாக நெய்ய வேண்டுவது அதனால்தான்.

தைக்க வேண்டிய உருவம் போர்வையன்று. குழந்தை உதைத்துத் தள்ள முடியாத கையில்லாத பைச்சட்டை. தோளில் இரு பொத்தான்; கழுத்து, தலை உள்ளே நழுவாத அளவு; கயிறோ நாடாவோ கழுத்தருகே கூடாது; பாதத்துக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். நடக்கும் குழந்தைக்கு அடியிலே இரு கால் பிரித்துத் தைக்கலாம். ஓராண்டு நிறையாத சிசுவுக்குப் பஞ்சு அடைத்ததும் வேண்டாம், தலையணையும் வேண்டாம், உறக்கத்தில் தலைக்குல்லாயும் வேண்டாம். ஒற்றைத் தேன்கூட்டுத் துணியாலான பையே போதும். பின்லாந்து தேசத்தில் 1938 முதல் தாய்மாருக்கு அரசாங்கம் வழங்கிவரும் பெட்டியில் இத்தகைய உறக்கப் பையும் ஒரு பொருள். நம் மாநிலத்தில் 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் வைத்தார்கள். மலைக் குழந்தைக்குப் பதினேழாவதாக இதைக் கேட்பதில் தவறில்லை.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. சந்தையில் வடநாட்டிலிருந்து வரும் பாலியெஸ்டர் கம்பளி மலிவாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்று ஒரு நெசவாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலியெஸ்டர் சூடு தரவே செய்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெரிய அளவிலேயே விற்பதால் குழந்தையின் முகத்தை மூடிவிடும். நம் பொருள் அதனோடு விலையில் போட்டியிட முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டே பேசுகிறேன். ஆகவே கடைவீதியை நம்பி இதைத் தொடங்கலாகாது. 1983 முதல் இலவச வேட்டி சேலைக்குக் கூட்டுறவுத் தறிகள் நெய்துவருவதுபோல், முன்கூட்டியே வாங்குவோர் உறுதியான பின்னரே பாவு ஓட்ட வேண்டும். தோட்ட உரிமையாளர்களாகிய அங்கத்தினர்களே முதல் வாங்குவோர் ஆகட்டும். தீபாவளிக்குத் தொழிலாளிக்குத் துணி எடுக்கும் வழக்கமுள்ளவர்கள் குழந்தைக்கு ஒன்றைச் சேர்ப்பதால் பெருநஷ்டம் அடைந்துவிட மாட்டார்கள்.

எத்தனை துணி உடுத்தினும் சளி பிடிக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது. ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், இரண்டு மாதம் முதல் பதினொரு மாதம்வரை உள்ளது 50 முறையோ அதற்கு மேலோ வாங்கினால், அல்லது மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு இறக்கிவிட வேண்டும். இரவு வேளையில் மெட்டிலிருந்து இறங்க ஒரு ஜீப்பு ஏற்பாடாக இருத்தலும் சங்கத்தின் யோசனைக்குரியது.

இலவங்காய் வெடித்துப் பஞ்சு வருவது பங்குனி, சித்திரையில். அப்போது கொள்முதல் செய்யாவிடில் பின்னர் விலை ஏறிவிடும். ஆகையால் மாசி மாதத்துக்குள் எத்தனை குழந்தைகளுக்கு எந்த அளவில் வேண்டும் என்ற கணக்கைத் தோட்டம் தோட்டமாக எடுத்து, நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். வைகாசி, ஆனியில் துணி நெய்து, ஆடியில் தையல் முடிந்தால், புரட்டாசிக்குள் மூட்டைகள் மெட்டேறிவிடும். அளவு பார்க்க முதலில் பத்துப் பன்னிரண்டு மட்டும் தைத்து, மலையிலே தங்கும் தாய்மாரிடம் இந்தத் தையிலேயே கொடுத்து, எங்கே இறுக்குகிறது, எங்கே நழுவுகிறது என்று கேட்டுவர இரு அங்கத்தினர்கள் முன்வந்தால் போதும். அதற்கான துணியை இப்போதே ஒதுக்கிவைக்கலாம்.