மாயா எழுத்தை மொழியாகப் படிப்போம்

2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழிந்துவிடும் என்று மாயா நாட்காட்டி சொல்வதாக ஒரு வதந்தி உலகெங்கும் பரவியது; தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. அந்த நாளைக் குறிப்பிடும் கல்வெட்டு ஒன்று மெக்சிகோவின் தொர்த்துகுவேரோவில் கிடைத்திருக்கிறது. ஒரு தெய்வத்தோடு தொடர்புடைய நிகழ்வையே அது சொல்கிறது. எஞ்சியிருக்கும் வரிகளில் உலக அழிவு பற்றிப் பேச்சே இல்லை. பாலெங்கே நகரத்துக் கல்வெட்டுக் கோயிலிலோ, தங்கள் அரசர் முடிசூடிய நாளின் நினைவு கி.பி. 4772இல் எந்த நாளில் வரும் என்றுகூடக் கணக்கிட்டுப் பொறித்திருக்கிறார்கள். உலகம் 2012இல் முடியும் என்று நம்பியவர்கள் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். இவையெல்லாம் அந்த டிசம்பருக்கு முன்பே படிக்கப்பட்டவை. ஆனாலும் வதந்திதான் வென்றது. மாயர்களைத் தங்கள் மொழியில் எழுதிவைத்த மக்களாகப் பார்க்காமல், புரியாத ரகசியங்களின் காவலர்களாகப் பார்ப்பதே இதற்குக் காரணம். அவர்களுடைய எழுத்தை அறிஞர்கள் நெடுங்காலம் படிக்க முடியாமல் போனதற்கும் இதே பார்வைதான் பெரிதும் காரணம்.

அந்த எழுத்தின் இயக்கம் விளங்கினால் மர்மத்துக்கு இடமில்லாமல் போகும். அதில் இரு வகைக் குறிகள் உண்டு. ஒரு வகை முழுச் சொல்லைக் குறிக்கும். மற்றொன்று ஓர் அசையின் ஒலியை மட்டும் குறிக்கும். ஜாகுவார் என்ற விலங்கை மாயர்கள் ‘பலாம்’ என்றார்கள். அதன் தலையை மட்டும் வரைந்து அந்தச் சொல்லை எழுதலாம். தலையோடு ‘ப’ அல்லது ‘மா’ என்ற அசைக்குறியை ஒட்டி, எப்படி வாசிக்க வேண்டும் என்று உணர்த்தலாம். தலையே இல்லாமல் ப, லா, மா என்று மூன்று அசைக்குறிகளாலும் எழுதலாம். கடைசி ஆகாரம் ஒலிக்காது. மெய்யெழுத்துக்குத் தனிக்குறி இல்லாததால், சொல்லின் இறுதி மெய்யைக் காட்டப் பெரும்பாலும் முந்தைய உயிரையே கொண்ட அசைக்குறியைப் போட்டு, வாசிக்கும்போது அந்த உயிரை விட்டுவிட்டார்கள். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளில் மெய் எது, உயிர்மெய் எது என்று இடமறிந்து வாசித்த மரபைச் சேர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கக்கூடியது. நமக்கு க, கி, கு ஒரே வடிவத்தின் திரிபுகள். அவர்களுக்கு அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தனிக்குறிகள். ஒரே ஒலிக்குப் பல குறிகளும் இருந்தன. எழுத்தர் அழகுக்கும் இடத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுத்தார். குறிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, இரண்டிரண்டு பத்திகளாக இடமிருந்து வலமும் மேலிருந்து கீழுமாக வாசித்தார்கள்.

இவ்வளவு ஒழுங்கான முறையை ஏன் நெடுங்காலம் படிக்க முடியவில்லை? முதல் காரணம் அழிப்பு. 1562இல் மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் மானி என்ற ஊரில் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயா நூல்களைத் தீயிலிட்டார். மரப்பட்டைத் தாளில் எழுதப்பட்ட சுவடிகளில் இன்று எஞ்சியவை நான்கே. அதே லாந்தா பின்னர் மாயா எழுத்தர்களிடம் கேட்டு ஓர் எழுத்துப் பட்டியலையும் குறித்துவைத்தார். அவர் ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களைச் சொல்ல, எழுத்தர்கள் தம் காதில் விழுந்த அசைகளை எழுதினார்கள். அவர் ‘பே’ என்றபோது, மாயா மொழியில் பாதையைக் குறிக்கும் ‘பே’ என்ற குறியை வரைந்தார்கள். 1862இல் மாட்ரிட் நூலகமொன்றில் அந்தக் குறிப்பு மீண்டும் கிடைத்தபோது அதை அகரவரிசை என்று எண்ணிப் படிக்க முயன்றவர்கள் தோற்றார்கள். அதற்குப் பிறகு வந்த முடிவுதான் பெரிய தடையானது. இந்தக் குறிகள் ஒலியைக் காட்டுபவை அல்ல, காலத்தையும் கடவுளரையும் பற்றிய கருத்துகளை உணர்த்துபவை என்று 20ஆம் நூற்றாண்டின் செல்வாக்குமிக்க மாயா அறிஞரான எரிக் தாம்சன் உறுதியாகச் சொன்னார். பலரும் அதை ஏற்றார்கள்.

1952இல் லெனின்கிராடைச் சேர்ந்த ஆய்வாளர் யூரி க்னோரோசாவ் அந்த முடிவை மறுத்தார். லாந்தாவின் பட்டியல் அகரவரிசை அல்ல, அசைகளின் பட்டியல் என்றார் அவர். குறிகளின் எண்ணிக்கையும் ஒரு சான்று. தாம்சனின் தொகுப்பிலேயே 800க்கு மேற்பட்ட குறிகள் உள்ளன. ஒலிகளுக்கு மட்டும் என்றால் இது மிக அதிகம். சொல்லுக்கு ஒன்று என்றால் மிகக் குறைவு. இரண்டும் கலந்த முறைக்கே இந்த எண்ணிக்கை பொருந்தும். அடுத்து அவர் செய்தது சோதனை. சுவடியில் வான்கோழிப் படத்துக்கு மேல் இரண்டு குறிகள் இருந்தன. முதலாவது லாந்தாவின் பட்டியலில் ‘கு’. யுகத்தான் மாயா மொழியில் வான்கோழி ‘குட்ஸ்’ என்பதால் இரண்டாவது ‘ட்ஸு’ ஆக வேண்டும். நாயின் படத்துக்கு மேல் அதே ‘ட்ஸு’வும், லாந்தா ‘ல’கரத்துக்குக் கொடுத்த குறியும் இருந்தன. அந்த மொழியில் நாய்க்கு ஒரு பெயர் ‘ட்ஸுல்’. ஓரிடத்தில் ஊகித்த ஒலி இன்னோரிடத்தில் சரியான சொல்லைத் தருகிறது என்பதே இந்த வாசிப்பின் வலிமை.

க்னோரோசாவின் வாசிப்புகளில் பல பிழையானவை என்று அவருடைய எதிரிகள் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் சில சொற்களில் தவறியதால் முறையே தவறாகிவிடாது. அந்தப் பிழைகள் பின்னர் அதே முறையால்தான் திருத்தப்பட்டன. வேறு வழியில் வந்த சான்றும் அதற்குத் துணை நின்றது. பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயா நகரத்தின் கல்தூண்களில் உள்ள தேதிகள் ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் ஆயுளுக்குள் அடங்குகின்றன, எனவே அவை அரசர்களின் வரலாறு என்று 1960இல் ஆய்வாளர் தத்தியானா புரோஸ்கூரியாக்கோஃப் காட்டினார். தாம்சனே அதை ஏற்றுக்கொண்டார். க்னோரோசாவின் கட்டுரை வெளிவந்த அதே 1952இல்தான் பாலெங்கேயில் ஓர் அரச கல்லறை திறக்கப்பட்டது. உள்ளே இருந்தவர் யார் என்று அப்போது யாராலும் படித்துச் சொல்ல முடியவில்லை. 1973இல் அங்கே கூடிய ஆய்வாளர்கள் அந்த அரச வம்சத்தின் வரிசையை மீட்டெடுத்தார்கள். கல்லறைக்குரியவர் 615 முதல் 683 வரை ஆண்ட பாக்கால் என்பது தெளிவானது.

தமிழர்களான நம்மிடமிருந்தும் ஒரு கேள்வி எழுவதுண்டு: மாயர்களுக்கும் நம் சிற்ப மரபின் மயனுக்கும் உறவு இருக்கக்கூடாதா? பெயரொற்றுமையை வைத்து எழுப்பப்படும் இந்தக் கருத்துக்கு அந்த எழுத்தே விடை சொல்கிறது. கல்வெட்டு வாக்கியங்களில் வினை முதலில் வருகிறது, எழுவாய் பிறகு வருகிறது. நம் மொழியில் வினை இறுதியில் நிற்கும். சொற்களும் விகுதிகளும் இன்று குவாத்தமாலாவில் பேசப்படும் சோர்த்தி போன்ற மொழிகளோடு பொருந்துகின்றன. பல நூற்றாண்டுகள் அடக்குமுறைக்கு உள்ளான மக்களின் முன்னோருடைய சாதனையை இன்னொருவர் கணக்கில் எழுதுவது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. அதனால் தமிழுக்குப் பெருமை எதுவும் சேராது.

மாயா மொழிகள் ஏறத்தாழ முப்பது. லட்சக்கணக்கானோர் அவற்றைப் பேசுகிறார்கள். அவர்களில் சிலர் 1980களிலிருந்து பயிற்சிப் பட்டறைகளில் தங்கள் முன்னோரின் எழுத்தை வாசிக்கவும் எழுதவும் கற்றுவருகிறார்கள். அந்த மொழிகள் உயிரோடு இருந்ததால்தான் க்னோரோசாவால் வான்கோழியின் பெயரை வாசிக்க முடிந்தது. ஆகவே நம் பாடநூல்களும் இதழ்களும் மாயர்களைப் பற்றிப் பேசும்போது, பிரமிடுகளோடும் மறைந்த நாகரிகம் என்ற சொல்லோடும் நின்றுவிடக் கூடாது. பலாம் என்ற ஒரு சொல் மூன்று விதமாக எழுதப்பட்டதை ஒரு பள்ளி மாணவருக்குப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். அதை விளங்கிக்கொண்டவர், படமாகத் தெரிவதெல்லாம் எழுத்தறியாதவர்களின் கிறுக்கல் என்று எந்த மக்களைப் பற்றியும் இனி எண்ண மாட்டார்.