தேக்கைப் பராமரிக்க முடியாதாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டது போல இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் இருந்த தேக்கு அலமாரியைக் காணோம். தங்கையின் கல்யாணத்துக்கு அப்பா சீராகச் செய்து கொடுத்தது. "பழைய சாமான் கடையில போட்டுட்டேன் மாமா. யார் அதை மெயின்டெயின் பண்றது?" என்றான். அந்த இடத்தில் தவணையில் வாங்கிய பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி பளபளவென்று நிற்கிறது. தங்கை வாயே திறக்கவில்லை. அவனும் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திய பலகை. ஓரத்துப் பட்டை பிரிந்து தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும். ஊதியது பழைய நிலைக்கு வராது. பிடி விட்ட திருகு அதே ஓட்டையில் மறுபடி சரியாகப் பிடிக்காது. அதைப் பராமரிக்க வேண்டாம் என்பது உண்மைதான். பராமரிக்க அதில் ஒன்றுமில்லை.

வைரம் பாய்ந்த தேக்கு நம்மிடம் என்ன கேட்கிறது? அவ்வப்போது உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது காயாமல் தூசியைத்தான் பிடித்து வைக்கும். நம் பழைய சாமான்கள் பலவும் அரக்குப் பாலிஷ் போட்டவை. சூடான காபி டம்ளரை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும். நிறம் மங்கினால், நைசான உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் போக்கிலேயே லேசாகத் தேயுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை, பஞ்சு பொதிந்த துணியால் மெல்லிசாகப் பூசுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதுவா கஷ்டம்?

நானும் தப்பு செய்தவன்தான். ஒரு ஐப்பசி மழையில் என் மேசை இழுப்பறை இறுகிக்கொண்டது. "வெயில் வரட்டும் சார்" என்றார் ஆசாரி. நான் கேட்கவில்லை, அவசரப்பட்டு இழைக்கச் சொன்னேன். பங்குனியில் மரம் சுருங்கி இழுப்பறை ஆடத் தொடங்கியது. இன்றும் ஆடுகிறது. ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுப் பொறுமையாக இருந்திருந்தால் போதும். குறை மரத்தில் இல்லை, என்னிடம்.

"காலத்துக்கேற்ப மாற வேண்டாமா சார்?" என்பீர்கள். மாறுங்கள். சின்ன ஃப்ளாட்டில் பெரிய அலமாரி நுழையாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் ஆசாரியைக் கூப்பிட்டு அதே பலகையில் மேசையோ புத்தகத் தட்டோ செய்யச் சொல்லுங்கள். தூக்கிப் போடாதீர்கள்.

மருமகனே, அந்தக் கடையில் அலமாரி இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே போய்க் கேள். இருந்தால் திரும்ப வாங்கு. பணம் நான் தருகிறேன். பாலிஷ் மட்டும் நீதான் போட வேண்டும்.