மீரியபெத்தை மலையும் நமது விசுவாசப் பிரமாணமும்

ஞாயிறுதோறும் திருப்பலியில் நாம் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிடுகின்றோம். கடவுள் நம் அனைவருக்கும் தந்தை என்பதை ஒரே குரலில் ஏற்றுக்கொள்கின்றோம். ஆலய வாசலைத் தாண்டியபின் அந்த அறிக்கை எங்கே போகின்றது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான பிளவை நம் காலத்தின் பாரதூரமான தவறுகளுள் ஒன்றாகச் சுட்டிக்காட்டியது. ஊவா மலைநாட்டில் வாழும் நமக்கு அந்தப் பிளவு என்னவென்று காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லை பிரதேசச் செயலகப் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தது. சில நிமிடங்களில் லயன்கள் மண்ணுக்குள் மறைந்தன. புதையுண்ட பலரின் உடல்கள் இன்றுவரை மீட்கப்படவில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகளுள் சிலர், அன்று மாலை திரும்பிச் செல்ல வீடோ வரவேற்கப் பெற்றோரோ இல்லாதவர்களாயினர்.

இது எவரும் எதிர்பாராத விபத்தன்று. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆனால் எங்கே போவது? லயத்து மனிதனுக்குச் சொந்த நிலம் இல்லை. வேலை இருக்கும் இடத்திலேதான் கூரையும் இருந்தது. வெளியேறுங்கள் என்ற சொல் அவனைச் சென்றடைந்தது. வெளியேறுவதற்கான காணித்துண்டு சென்றடையவில்லை. ஆடையும் உணவும் இல்லாத சகோதரனை நல்வார்த்தை கூறி அனுப்பிவிடுவதால் பயன் என்ன என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்பது இதைத்தானே! செயலற்ற விசுவாசத்தை உயிரற்ற உடலுக்கு அவர் ஒப்பிடுவதன் கடுமை இங்கே விளங்குகின்றது.

மலைப்பொழிவின் முடிவில் ஆண்டவர் இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்கின்றார். பாறைமீது கட்டியவன் அறிவாளி, மணல்மீது கட்டியவன் அறிவிலி. இந்த உவமையை மீரியபெத்தைக்குப் பொருத்தும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும். அந்த லயன்களில் வாழ்ந்தவர்கள் தாங்கள் குடியிருக்கும் நிலத்தைத் தெரிவு செய்தவர்கள் அல்லர். தெரிவு செய்தவர்கள் வேறு. எச்சரிக்கையைக் கேட்டும் செயற்படாதவர்கள் வேறு. ஆண்டவரின் வார்த்தையைக் கேட்டும் செயற்படாதவனே மணல்மீது வீடு கட்டியவன் என்றால், அவ்வுவமை குற்றஞ்சாட்டுவது புதையுண்டவர்களை அல்ல. அதிகாரத்தில் இருந்தவர்களையும் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நம்மையும்தான்.

உயிர் தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலை போன்ற இடங்களில் இரண்டாண்டுகள் காத்திருந்தபின், 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆயினும் கதை முடியவில்லை. 2023 மார்ச்சில் அதே ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள பூனாகலை கபரகலை தோட்டத்தில் மண் சரிந்து மீண்டும் குடும்பங்கள் வீடிழந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பதுளை மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. ஒவ்வொரு முறையும் நாம் மெழுகுதிரி ஏற்றுகின்றோம், உடுபுடவை சேர்க்கின்றோம். அவை நல்லவை. ஆனால் அடுத்த மழைக்கு முன் அந்த மக்களுக்குப் பாதுகாப்பான காணி கிடைத்ததா என்று தொடர்ந்து கேட்பவர் நம்முள் எத்தனை பேர்?

அறிக்கையிட்டதை வாழ்ந்து காட்டிய ஒருவரை நம் மறைமாவட்டமே அறியும். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயவைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையில் புத்தல இருக்கின்றது. குருமடப் பேராசிரியராக இருந்த, கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அமலமரித் தியாகிகள் சபைக் குருவான மைக்கல் ரொட்ரிகோ அடிகளார், 1980ஆம் ஆண்டு அப்பகுதியின் வறிய பௌத்த கிராமமொன்றில் ‘சுப செத் கெதர’ எனும் எளிய இல்லத்தை அமைத்தார். எவரையும் மதம் மாற்ற அவர் அங்கு போகவில்லை. விவசாயிகளோடு வாழ்ந்தார்; அவர்களது நிலத்துக்காகப் பேசினார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். பீடத்தில் அவர் சொன்ன வார்த்தைக்கும் கிராமத்தில் அவர் நடந்த பாதைக்கும் இடையில் இடைவெளி இருக்கவில்லை.

நம் எல்லோரிடமும் இரத்தம் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படுபவை சிறியவை, ஆகவேதான் தட்டிக்கழிக்க எளியவை. டித்வாவுக்குப் பின் வீடு துப்புரவாக்க 25,000 ரூபாவும், வீடிழந்தோர் புதுவீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரையிலும் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. இத்தகைய பட்டியல் தயாராகும் வேளையில், பாதிக்கப்படாத நம் வீட்டின் பெயரைச் சேர்க்காமல் இருப்பதும், உறுதிப்பத்திரம் இல்லாத லயத்துக் குடும்பத்தின் பெயர் விடுபடாமல் பார்ப்பதும் விசுவாச அறிக்கைதான். பட்டியலில் கையெழுத்திடும் உத்தியோகத்தர் கத்தோலிக்கராயின், அவரது பேனாவே அவரது சாட்சியம்.

கூலி விடயமும் அவ்வாறே. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,750 ரூபா என அறிவிக்கப்பட்டது. 1891ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் உழைப்பாளியின் நியாயமான கூலியைப் பற்றித் திருமடல் எழுதினார். கொழுந்து நிறுக்கும்போது கிலோக்களைக் கழிக்கும் தராசும், வீட்டுவேலைக்கு வந்த மலையகப் பெண்ணுக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கும் எசமானியும், அம்மடலுக்கு மட்டுமல்ல, தாம் உட்கொள்ளும் நற்கருணைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அன்பார்ந்தவர்களே, இவ்வாரம் குடும்ப செபம் முடிந்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் பங்கில், நம் தோட்டத்தில், எச்சரிக்கை விடுக்கப்பட்ட சரிவில் இன்னும் வாழும் குடும்பம் எது? அவர்களைச் சென்று பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேசச் செயலகத்திடமோ அவர்களோடு கூடச் செல்லுங்கள். இறுதித் தீர்ப்பு நாளில் பசித்தோரும் வீடற்றோரும் வழியாகவே ஆண்டவர் நம்மை அடையாளம் காண்பதாக மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் கூறுகின்றது. அடுத்த மழைக்காலம் வருமுன்னே அவரை நாம் அடையாளம் கண்டுகொள்வோமாக.