கிணறு பத்திரமாம்! சோதனைச் சீட்டு எங்கே?

"விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது, இனி எண்ணெய்க் கிணற்றால் ஊருக்கு ஆபத்தே இல்லை" என்கிறார்கள் ஒரு சாரார். "பூமியைத் துளைத்தாலே அழிவுதான்" என்று மேடையில் முழங்குகிறார்கள் மறு சாரார். கிணறு எப்படிக் கட்டப்படுகிறது என்று இரு தரப்பிலும் பலர் விசாரித்ததே இல்லை!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உழைக்கும் இளைஞர்களே, திருவள்ளூரில் இரும்பும் பைப்பும் விற்கும் வியாபாரிகளே! ஓ.என்.ஜி.சி. கிணறுகள் இருப்பது டெல்டாவிலும் ராமநாதபுரத்திலும். உங்களில் பலருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். அதோடு வெல்டிங், வால்வு, பிரஷர் டெஸ்ட் எல்லாம் மதரஸாவில் ஓதிய என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

துளையிட்டதும் கேசிங் என்னும் எஃகுக் குழாயை இறக்குகிறார்கள். குழாய்க்கும் பாறைக்கும் இடையில் சிமெண்டைச் செலுத்தி நிரப்புகிறார்கள். நாம் குடிக்கும் நிலத்தடி நீருக்குக் காவல் இந்தக் கேசிங்கும் சிமெண்டும்தான். அதற்குள்ளே எண்ணெய் ஏறிவரும் உட்குழாய், அதன் அடிப்பக்கம் சுற்றிலும் 'பேக்கர்' என்ற அடைப்பு, தலைமாட்டில் வால்வுகள். சிமெண்ட் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி வெகுகாலமாக உண்டு. இப்போது கண்ணாடி இழைக் கம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் வெப்பம் மாறுகிறது, எங்கே கசிவுச் சத்தம் என்றுகூடக் கேட்கிறார்கள். குழாய்களுக்கு இடையே அழுத்தம் காரணமின்றி ஏறினால் உள்ளே எங்கோ ஓட்டை என்று சந்தேகிக்க வேண்டும். தோண்டும் நாள்முதல் நிரந்தரமாக மூடும் நாள்வரை கிணற்றை எப்படிப் பராமரிப்பது என்பதற்கு 2017-இல் ஐ.எஸ்.ஓ. 16530 என்ற சர்வதேச விதிமுறையே வந்துவிட்டது.

ஆக, கருவிக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் கிணறுகள் வெடிக்கின்றன?

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' வெடித்து 11 பேர் மாண்டார்கள். சிமெண்டைச் சோதிக்கும் குழு கப்பலுக்கே வந்திருந்தது. தேவையில்லை என்று அன்று காலைதான் திருப்பி அனுப்பினார்கள்! அழுத்தச் சோதனையில் கோளாறு காட்டியும், அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே போனார்கள். நம் நாட்டில் 2020 மே 27-இல் அஸ்ஸாமின் பாக்ஜானில், ஆயில் இந்தியா கிணற்றில் பழுதுபார்க்கும்போது வாயு பீறிட்டது. சிமெண்ட் அடைப்பு இறுகிவிட்டதா என்று உறுதி செய்யாமல் மேலிருந்த தடுப்புச் சாதனத்தைக் கழற்றியதாக விசாரணையில் வெளிவந்தது. ஜூன் 9-இல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் பலி. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் கிடந்தார்கள். கிணறு அடங்க நவம்பர் ஆயிற்று.

கிணற்றால் நேரும் சேதத்துக்கு நஷ்டஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், தன் சொந்த நிலத்தில் வரம்பு மீறாமல் தோண்டியவருக்குத்தான் அந்தச் சலுகை. மக்கள் நடக்கும் பாதையில் அனுமதியின்றித் தோண்டி ஒருவர் விழுந்தால், தோண்டியவரே பொறுப்பு! கம்பெனி வக்கீல்கள் ஃபிக்ஹு படிக்காதது அவர்கள் அதிர்ஷ்டம்.

2020-இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய கிணறுகளைத் தடுத்தது. பழைய கிணறுகள் அப்படியே இருக்கின்றன. ராமநாதபுரம் அந்த மண்டலத்திலேயே இல்லை. 2025-இல் அம்மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் அனுமதி தந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. ஊர் மக்களிடம் முன்கூட்டியே ஏன் கேட்கவில்லை? 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தி, சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று ஆக்கிவிட்டது.

கூட்டம் இல்லையென்றால் மனு இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. பொதுத்துறை நிறுவனம், தகவல் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். கட்டணம் பத்து ரூபாய். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணற்றில் சிமெண்ட் சோதனை எப்போது நடந்தது, குழாய் இடைவெளி அழுத்தம் கடைசியாக எவ்வளவு, கைவிட்ட கிணறு எத்தனை அடைப்புகளோடு மூடப்பட்டது? இந்த மூன்றையும் ஜமாஅத் பெயரில் இல்லாமல் தனி ஆளாகக் கையெழுத்திட்டுக் கேளுங்கள். தகவல் கேட்கும் உரிமையை அச்சட்டம் குடிமகனுக்குத்தான் தந்திருக்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த காகிதத்தை, இங்கே சிப்காட்டில் பிரஷர் டெஸ்ட் எடுக்கும் நம் பையன்களிடம் காட்டுங்கள்.