டைனோசர் முட்டையா, அம்மோனைட்டா? பெயர் வைத்தால் மட்டும் போதாது: அரியலூர், பெரம்பலூர் சொல்லும் பாடம்

2020 அக்டோபர். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. அவ்வளவுதான், ‘டைனோசர் முட்டை கிடைச்சிருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் படங்கள் பறந்தன. நேரில் பார்த்த நிலவியலாளர்கள் சொன்னது வேறு: இவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரியின் எச்சத்தைச் சுற்றிப் படிவுகள் சேர்ந்து இறுகிய உருண்டைகள்.

ஊர் மக்களைக் கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. உருவத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்வது மனித இயல்பு. அந்தத் தவறு விஞ்ஞானிகளுக்கும் நேர்ந்திருக்கிறது, அதுவும் பக்கத்து மாவட்டத்திலேயே.

வகைப்பாடு எப்படி நடக்கிறது?

பள்ளிப் பாடத்தில் படித்த வரிசைதான்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். அம்மோனைட்டைப் பார்த்தால் நத்தை மாதிரி இருக்கும். கண்டகி ஆற்றில் கிடைத்து பூஜையறையில் வைக்கப்படும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அம்மோனைட்தான். ஆனால் உடலமைப்பின்படி அது தலைக்காலிகள் வகுப்பைச் சேர்ந்தது. நத்தையைவிட, மீன் மார்க்கெட்டில் விற்கும் கணவாய்க்குத்தான் நெருங்கிய சொந்தம்.

பெயர் வைப்பதற்குத் தனி விதிகள் உண்டு. ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூல்தான் விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி. முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். பொதுவாக முதலில் முறைப்படி அச்சான பெயருக்கே முன்னுரிமை.

அரியலூரும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களில் விவரித்த ஒரு அம்மோனைட்டின் இன்றைய பெயர் ‘அனாபேக்கிடிஸ்கஸ் அர்ரியலூரென்சிஸ்’. வெள்ளைக்காரர்கள் அன்று ஊரை எழுதிய விதம் அது. 2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி, பிறகு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. அது நிலைத்திருந்தாலும்கூட, ஸ்டோலிச்காவின் ‘அர்ரியலூர்’ மாறியிருக்காது. ஆனால் பேரினப் பெயர் மாறலாம், மாறியும் இருக்கிறது. ஸ்டோலிச்கா அதை வெறும் ‘அம்மோனைட்ஸ்’ என்ற பேரினத்தில்தான் வைத்தார். புதிய ஆதாரம் வந்தால் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பதே இந்த முறையின் பலம்.

ஆதாரம் காணாமல் போனால்?

இங்கேதான் கல்லமேடு வருகிறது. அரியலூர் பகுதியில் கல்லமேடு அருகே கிடைத்த எலும்புகளுக்கு, இந்திய நிலவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் ‘ப்ருஹத்காயோசாரஸ் மேட்லேயி’ என்று பெயரிட்டார்கள். ‘ப்ருஹத் காய’ என்றால் சமஸ்கிருதத்தில் பெரிய உடல். ‘சாரஸ்’ என்றால் கிரேக்கத்தில் பல்லி. ‘மேட்லேயி’, இந்தப் பகுதி டைனோசர்களை முன்பே ஆராய்ந்த சார்லஸ் மேட்லியின் நினைவாக.

முதலில் அதை மாமிசம் தின்னும் டைனோசர் என்றார்கள். 1995-ல் சங்கர் சாட்டர்ஜி, இது நீண்ட கழுத்து கொண்ட, தாவரம் தின்னும் சாரோபாட் என்றார். இன்று பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான். கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். 2023-ல் வந்த ஒரு ஆய்வு, இதன் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று கணித்தது. சரியென்றால், நிலத்தில் நடந்த மிகப் பெரிய உயிரினங்களில் ஒன்று நம்ம அரியலூர்க்காரர்.

ஆனால் ‘சரியென்றால்’ என்ற சொல்லை எடுக்கவே முடியாது. காரணம், அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தவை, பாதுகாப்புக் கட்டுக்குள்ளேயே உதிர்ந்துவிட்டன என்று 2017-ல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. அது எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் பகுதியில், அந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் விவாதம் மறுபடி சூடுபிடித்தது.

ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, ‘இதுதான் அது’ என்று ஒரு மாதிரியை அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு மூலமாதிரி என்று பெயர். நிலத்துக்கு மூலப்பத்திரம் மாதிரி. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அதுதான் கதி. பத்திரம் போனால், பெயர் மட்டும் பட்டாவில் இருந்து என்ன பயன்?

என்ன செய்யலாம்?

சாத்தனூரில் கல்மரப் பூங்கா இருக்கிறது, அரியலூர் அருகே வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. நல்லது. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைப்பது ஒரு வேலை. எந்த ஊரில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று எழுதி, எண் போட்டு, நொறுங்காமல் பாதுகாத்து, முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வைப்பது வேறு வேலை. இரண்டாவதுதான் அறிவியலுக்கு வேண்டும். அதற்கான ஆய்வுக் கிடங்கு இந்த மண்ணிலேயே அமைய வேண்டும்.

நிலவியல் பாரம்பரியத்தைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022 இறுதியில் வரைவு மசோதா ஒன்றைக் கருத்துக்கேட்புக்கு வைத்தது. சட்டம் தேவைதான். ஆனால் அதற்காகக் காத்திருக்காமலேயே மாவட்ட நிர்வாகத்தால் செய்ய முடிந்ததும் உண்டு. சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களிலும், குளம் தூர்வாரும் இடங்களிலும், வித்தியாசமான கல் கிடைத்தால் யாரிடம் சொல்வது என்று தொழிலாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொலைபேசி எண், வந்து பார்க்க ஒரு ஆள். அது போதும்.

குன்னத்தில் கற்கள் இருந்தன, அதனால் ‘முட்டை இல்லை’ என்று சொல்ல முடிந்தது. கல்லமேட்டில் பெயர் இருக்கிறது, எலும்பு இல்லை. அடுத்த முறை மண்வெட்டியில் தட்டுப்படுவது எதுவாக இருந்தாலும், அதற்கு லத்தீனில் பெயர் தேடும் முன்பு வைக்க ஒரு அலமாரி தேட வேண்டும்.