கியர் பொக்ஸைத் திறந்து பார்க்காமல் லொறியில் ஏத்தாதீங்க



நம்ம ஜமாஅத் லொறிக்குப் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பழைய கியர் பொக்ஸ் ரெண்டு கிழமையாகக் கராஜில் கிடக்கிறது. "ஒயிலை ஊத்தி அப்படியே ஏத்துங்க" என்று ஒரு கூட்டம். "உள்ள இருக்கிற எல்லாத்தையும் புதுசாப் போடுங்க" என்று இன்னொரு கூட்டம். ஜும்ஆ முடிந்தால் இதே சண்டைதான். பாஸ்மாரிடம் உட்கார்ந்து கேட்ட பிறகு சொல்கிறோம், ரெண்டும் பிழை.

அப்படியே ஏத்தச் சொல்பவர்களுக்கு: இந்த லொறி சமதரையில் ஓடுவதில்லை. வெலிமடை மரக்கறி ஏற்றுகிறது, பசறை, லுணுகலைத் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டு போகிறது, எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிறது. அந்த ஒரு இறக்கம் மட்டும் 30 கிலோமீற்றருக்குள் 800 மீற்றர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, தேவையான நேரத்தில் பிடிக்காது. சுமையோடு இறங்கும் லொறியைப் பிடித்து வைப்பது செகண்ட் கியரும் என்ஜினும்தான். நம்ம பழைய பொக்ஸைக் கழற்றியதே செகண்ட் கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்ததால். வந்திருப்பதும் அப்படித் துள்ளாது என்று யார் கண்டது? "ஜப்பான் சாமான்" என்கிறீர்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அதில் எழுதியிருக்கிறதா?

2021 மார்ச் 20 பசறை 13ஆம் கட்டையில் பஸ் விழுந்தது. 2025 செப்டம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் விழுந்தது. காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். பள்ளம் அதே பள்ளம்தான்.

எல்லாம் புதுசு கேட்பவர்களுக்கு: பல் உடையாத, குழி விழாத கியர் இன்னும் பல வருசம் ஓடும். அதைத் தூக்கி எறிவது இஸ்ராஃப். இது கடைக்காரரும் கூலிக்காரரும் சந்தாவாகத் தந்த காசு.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

1. முதலில் ஒயிலை வடியுங்கள். பித்தளைத் தூள் மின்னினால் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் இரும்புச் சீவல் ஒட்டினால் பெயாரிங் அல்லது பல் போயிருக்கிறது.

2. பெயாரிங், ஒயில் சீல், கேஸ்கட், சின்க்ரோ ரிங், நாலும் கேள்வியில்லாமல் புதுசு.

3. கியர் துள்ள வைப்பது தேய்ந்த ஸ்லீவ், செலக்டர் போர்க், தளர்ந்த ஸ்பிரிங். ஒவ்வொன்றாகப் பார்த்து, தேய்ந்ததை மட்டும் மாற்றுங்கள்.

4. கியர் பல் உடைந்திருந்தால் அதனோடு சேர்ந்து சுற்றும் கியரையும் ஜோடியாக மாற்றுங்கள். ரெண்டு மூன்று கியர் போயிருந்தால் காசைக் கொட்டாமல் பொக்ஸையே திருப்பிக் கொடுப்போம்.

5. கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பெயாரிங்கையும் இப்போதே பாருங்கள். பிறகு பார்ப்பதென்றால் பொக்ஸை மறுபடி இறக்கி ஏத்தக் கூலி கொடுக்க வேண்டும்.

"திறந்தால் செலவு கூடும்" என்கிறார்கள். திறக்காவிட்டால் பழுது இல்லாமல் போகுமா? கண்ணை மூடிக்கொண்டு ஏத்திவிட்டு "தவக்குல்" என்று சொல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும்.

ஸ்டியரிங் பிடிப்பவர் நம்ம வீட்டுப் பிள்ளை. திரும்பி வரும்போது பின்னால் ஏறி வருபவர்கள் தோட்டத்துச் சனம். அந்த உயிர்களும் அமானத், அந்தக் காசும் அமானத்.

நிர்வாகம் ஒரு நாள் குறிக்கட்டும். எல்லாருக்கும் முன்னால் பொக்ஸைத் திறந்து, கழற்றியதை மேசையில் பரப்பி வையுங்கள். பார்த்துவிட்டுச் செலவைப் பேசுவோம்.